ஜிபிஐபி எக்ஸ்டெண்டரில் டேட்டா பரிமாற்ற அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகக் கருவிகளை இணைக்கும் ஜிபிஐபி பஸ்ஸை (பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் பொது இணைப்பு) நீட்டித் தரும் எக்ஸ்டெண்டர்கள் ஜோடியாகத்தான் வரும். கணினிப் பக்கம் ஒரு பெட்டி, தொலைவில் உள்ள கருவிகள் பக்கம் ஒரு பெட்டி, நடுவில் ஃபைபரோ கோஆக்ஸியல் கேபிளோ. பெட்டியில் ஒரு சின்ன டிப் சுவிட்ச் (நகத்தால் தள்ளும் குட்டி சுவிட்ச்) வரிசை இருக்கும். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த வரிசையில்தான் வந்து முடிகின்றன.

20 மீட்டருக்கு மேல் சாதாரண கேபிளையே இழுத்துவிட்டால் என்ன?

ஹியூலெட்-பேக்கர்ட் தன் கருவிகளுக்காக 1960களின் பிற்பகுதியில் உருவாக்கிய எச்பி-ஐபி இணைப்புதான் 1975-இல் ஐஇஇஇ 488 என்ற தரமானது. ஜிபிஐபி என்பது அதன் இன்னொரு பெயர். அதன் விதி: பஸ்ஸை நடத்தும் கன்ட்ரோலரையும் (வழக்கமாகக் கணினி) சேர்த்து ஒரு பஸ்ஸில் அதிகபட்சம் 15 கருவிகள். மொத்தக் கேபிள், கருவி ஒன்றுக்கு 2 மீட்டர் என்ற கணக்கு அல்லது 20 மீட்டர், இரண்டில் எது குறைவோ அது. மூன்றே கருவிகள் என்றால் 6 மீட்டர்தான் உங்கள் உரிமை. 20 என்ற எண் மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. முதல் பாதி மறந்துபோகிறது.

மீறினால் உடனே நின்றுவிடாது என்பதுதான் தொந்தரவு. காலையில் ஓடும், மதியம் ஒரு பைட் தவறும், ஆள் வந்து பார்க்கும்போது மறுபடி ஓடும். கருவிகள் எதிரொலியற்ற அறைக்குள்ளோ, ஆன்டெனா சோதனைத் திடலின் மறுகோடியிலோ, உயர் மின்னழுத்தக் கூடத்திலோ இருந்தால் எக்ஸ்டெண்டர் தேவைப்படும். கடைசியாகச் சொன்ன இடத்தில் தொலைவைவிட மின் தனிமைப்படுத்தலே முக்கியம். ஃபைபர் நடுவில் வந்துவிட்டால் இரு பக்கத்துத் தரைக் கம்பிகளுக்கும் உறவு அறுந்துவிடும்.

டேட்டா பரிமாற்ற முறை என்று எழுதியிருக்கும் சுவிட்ச் உண்மையில் எதை மாற்றுகிறது?

அதற்கு ஜிபிஐபி ஒரு பைட்டை எப்படிக் கொடுக்கிறது என்று தெரியவேண்டும். கட்டடம் எழும்பும் இடத்தில் சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்தவர் கை நீட்டினால்தான் கல் நகரும். அவர் பிடித்துவிட்டார் என்று உறுதியான பிறகுதான் கொடுத்தவர் கையை எடுப்பார். ஜிபிஐபியில் அதே வேலையை மூன்று கம்பிகள் செய்கின்றன. இந்தக் கைமாற்றத்துக்கு ஹேண்ட்ஷேக் என்று பெயர். லிசனர் (வாங்கும் கருவி) தயாராகிவிட்டதா என்பதை என்ஆர்எஃப்டி கம்பி சொல்லும். கம்பிகளில் உள்ள டேட்டா தயார், எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்கர் (அனுப்பும் கருவி) டிஏவி கம்பியை இழுத்து அறிவிக்கும். லிசனர் எடுத்துக்கொண்டதும் என்டிஏசி விடுபடும். பல லிசனர்கள் இருந்தால், அவற்றில் மெதுவானது எதுவோ அதன் வேகத்தில்தான் எல்லாம் நகரும்.

இப்போது நடுவில் எக்ஸ்டெண்டர் ஜோடி வந்து நிற்கிறது. சுவிட்சை பஃபர் (நடுவில் சேர்த்துவைக்கும் இடம்) இல்லாத முறையில் வைத்தால், பெட்டிகள் கண்ணாடி போல நடந்துகொள்ளும். தொலைவில் இருக்கும் லிசனர் ஒரு பைட்டை நிஜமாகவே எடுத்துக்கொண்ட பிறகுதான், இந்தப் பக்கத்து டாக்கருக்கு 'எடுத்தாயிற்று' என்ற சேதி வரும்.

பஃபர் முறையில் வைத்தால் பெட்டிக்குள் இருக்கும் ஃபிஃபோ நினைவகம் (முதலில் வந்தது முதலில் வெளியே போகும்) நடுவில் புகுந்துகொள்ளும். டாக்கர் பக்கத்துப் பெட்டி ஒரு மேஸ்திரி மாதிரி 'என்னிடம் போட்டுவிட்டுப் போ' என்று பைட்டுகளை வாங்கிக் குவிக்கும். அவை இணைப்பின் வழியே தொடர்ந்து மறுபக்கம் போகும். அங்குள்ள பெட்டி லிசனருக்குத் தன் கணக்கில் கொடுக்கும். இரண்டு பக்கமும் ஹேண்ட்ஷேக் நடக்கிறது. ஆனால் அது ஒரே ஹேண்ட்ஷேக் இல்லை. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பகுதிக்கு மூலம் இதுதான்.

பஃபர் இல்லாவிட்டால் எவ்வளவு மெதுவாகும்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஃபைபரில் ஒளி ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் 5 நானோ வினாடி. நல்ல கோஆக்ஸியல் கேபிளிலும் ஏறக்குறைய அதேதான். 1 கி.மீ. இணைப்பில் ஒருவழிப் பயணம் 5 மைக்ரோ வினாடி, போய்வர 10. முழு ஹேண்ட்ஷேக்கில் இரண்டு போக்குவரத்து இருக்கிறது. 'இதோ டேட்டா' என்று போய் 'எடுத்தேன்' என்று வருவது ஒன்று. 'சரி, டேட்டாவை விலக்குகிறேன்' என்று டாக்கர் டிஏவியை விட்டதும் 'அடுத்ததுக்குத் தயார்' என்று வருவது இன்னொன்று. ஆக ஒரு பைட்டுக்கு 20 மைக்ரோ வினாடி, அதாவது வினாடிக்கு 50 ஆயிரம் பைட். பெட்டிக்குள் இருக்கும் மின்னணுச் சுற்றின் தாமதம் இதில் சேரவில்லை. 100 மீட்டர் என்றால் கேபிள் பங்கு பத்தில் ஒன்றாகிவிடும். அங்கே பெரும்பாலும் கருவியின் வேகமே எல்லையாக நிற்கும்.

இதை வைத்து இரண்டு வேலைகளை ஒப்பிடுங்கள். நெட்வொர்க் அனலைசரில் (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் சிக்னலை அளக்கும் கருவி) 201 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் 8 பைட் மெய்ப்பகுதி, 8 பைட் கற்பனைப்பகுதி: மொத்தம் 3,216 பைட். 1 கி.மீ. தள்ளி, பஃபர் இல்லாமல் வந்தாலும் 64 மில்லி வினாடிதான். அந்த ஸ்வீப் (எல்லா அதிர்வெண்களையும் ஒருமுறை வரிசையாக அளப்பது) ஓடுவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கலாம். அங்கே வேகத்துக்காக பஃபரைப் போடுவது, தெருமுனைக் கடைக்கு எக்ஸ்பிரஸ் பஸ் பிடிப்பது மாதிரி.

இன்னொன்று, ஆசிலாஸ்கோப்பிலிருந்து 10 லட்சம் பைட் அலைவடிவம். அதே இணைப்பில் 20 வினாடி. ஜிபிஐபி கார்டை இயக்கும் என்ஐ-488.2 (நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின்) மென்பொருளின் இயல்பான டைம்அவுட் (காத்திருப்பு எல்லை) 10 வினாடி, கருவிகளோடு பேச உதவும் விசா நூலகத்தில் 2 வினாடி. (இந்த விசாவுக்கு எந்தத் தூதரகத்திலும் வரிசையில் நிற்கவேண்டாம்.) ஆகவே புரோகிராம் பாதியில் கழன்றுகொள்ளும், நீங்கள் கேபிளைச் சந்தேகிப்பீர்கள். இந்த வேலைக்கு பஃபர் முறை வேண்டும். பஃபரில் தொலைவு வேகத்தைத் தின்னாது. முதல் பைட் மட்டும் கொஞ்சம் தாமதமாக வரும், பிறகு ஓடை போலத் தொடரும்.

அப்படியானால் எப்போதும் பஃபரிலேயே வைத்துவிடலாமே?

நானும் அப்படித்தான் வைத்தேன். இரண்டு நாள் போயிற்று.

மேஜை மேல் இருந்த அனலைசரை அறைக்குள் கொண்டுபோய் வைத்து, எக்ஸ்டெண்டரை மாட்டி, பஃபர் முறையில் ஓடவிட்டோம். கருவி தன் பெயரைச் சரியாகச் சொன்னது. அதிர்வெண் அமைத்தது, ஸ்வீப் ஓட்டியது. டிரேஸ் (அளந்த புள்ளிகளின் வரிசை) எடுத்ததும் மட்டும் வானத்துக்கும் பாதாளத்துக்கும் தாவும் எண்கள் வந்தன, முடிவில் டைம்அவுட். முதலில் ஆன்டெனா மீது பழி போட்டோம். பிறகு கனெக்டர் மீது. புரோகிராம் மீது யாருக்கும் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் அது பல வருடமாக ஓடிய புரோகிராம்.

குற்றவாளி அதுதான். செய்திகளின் வடிவத்தை வகுக்கும் ஐஇஇஇ 488.2 விதிப்படி நீளம் அறிவித்து வரும் பைனரித் தொகுதி #43216 என்று தொடங்கும். '#' அடையாளம், '4' என்றால் அடுத்து வரும் நான்கு இலக்கங்கள் நீளத்தைச் சொல்கின்றன, 3216 என்பது பைட் எண்ணிக்கை. பழைய புரோகிராம் இதைத் துண்டு துண்டாகப் படித்தது: முதலில் 2 பைட், பிறகு 4 பைட், பிறகு மீதி. நேரடிக் கேபிளில் இதில் தவறே இல்லை. கன்ட்ரோலர் இரண்டு பைட் எடுத்துக்கொண்டு மேலே வாங்குவதை நிறுத்தினால், கருவி மூன்றாவது பைட்டைக் கையில் பிடித்தபடி காத்திருக்கும்.

பஃபர் முறையில் கருவி காத்திருப்பதில்லை. கருவி பக்கத்துப் பெட்டி கேட்டுக்கொண்டே இருப்பதால் அது ஊற்றிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோலர் 2 பைட்டோடு நிறுத்தி, அடுத்த படிப்புக்காக ஏடிஎன் கம்பியை ('இது கட்டளை, கவனி' என்று எல்லோருக்கும் சொல்வது) இழுத்து மறுபடி முகவரி சொல்லும்போது, கருவி எத்தனையோ பைட்டுகளை அனுப்பி முடித்திருக்கும். அவை வழியில், ஃபிஃபோவுக்குள் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்பது பெட்டியின் வடிவமைப்பைப் பொறுத்தது. எங்கள் பெட்டியில் அவை போனவை போனவைதான். கருவி கொடுத்த எண்ணிக்கையும் கணினி வாங்கிய எண்ணிக்கையும் பொருந்தாது. 8 பைட் எண்களின் வரிசையில் நடுவே சில பைட்டுகள் காணாமல் போனால், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு எண்ணும் பக்கத்து எண்ணின் வாலையும் தன் தலையையும் சேர்த்துக் கட்டியது போலாகிவிடும்.

தீர்வு எளிது. பெரிய இடம் ஒதுக்கி, ஈஓஐ ('கடைசி பைட் இதுதான்' என்ற சைகை) வரும் வரை ஒரே மூச்சில் படித்துவிட்டு, தலைப்பைக் கணினிக்குள் வைத்துப் பிரியுங்கள். ஃபிஃபோ, ஈஓஐ குறியையும் அந்தப் பைட்டோடு சேர்த்துத்தான் சுமக்கிறது. அதனால் முடிவு சரியான இடத்தில் தெரியும். புரோகிராமைத் தொட முடியாது, எழுதியவர் ஓய்வுபெற்றுவிட்டார் என்றால், பஃபர் இல்லாத முறைக்கு மாற்றிவிட்டு மெதுவாக ஓடட்டும் என்று விடுங்கள்.

டிரேஸ் சரியாக வருகிறது. ஆனால் அவ்வப்போது பதில் ஒன்று தள்ளி வருகிறது. ஏன்?

வோல்டேஜ் கேட்டால் காலி வரி, கரண்ட் கேட்டால் வோல்டேஜ். இதுதானே?

பதிலைப் படிப்பது எந்த எழுத்தில் முடிகிறது என்று பாருங்கள். கருவி பதிலின் கடைசியில் இரண்டு எழுத்து அனுப்புகிறது, உங்கள் புரோகிராம் முதலாவதைக் கண்டதுமே நிறுத்திக்கொள்கிறது என்றால், இரண்டாவது எங்கோ தங்கியிருக்கிறது. பஃபரில் தங்கியது அடுத்த படிப்பில் தலைகாட்டலாம். முடிவு எழுத்தை நம்புவதை நிறுத்தி ஈஓஐயை மட்டும் நம்பச் சொல்லுங்கள். சோதனை தொடங்கும்போது ஐஎஃப்சி சைகை (பஸ்ஸைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருவது) அனுப்பி பஸ்ஸைத் துடைத்துவிட்டு ஆரம்பிப்பதும் நல்ல பழக்கம்.

எழுதும் திசையில் தொல்லை உண்டா?

உண்டு, சத்தமில்லாத தொல்லை. பஃபர் முறையில் கணினி ஒரு கட்டளையை எழுதி 'முடிந்தது' என்று மென்பொருள் சொன்னால், கணினி பக்கத்துப் பெட்டி வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். கருவி வாங்கியதா என்று அதற்குத் தெரியாது. கருவி உறைந்துபோயிருந்தால்கூட ஒரு சிறிய கட்டளை வெற்றிகரமாகப் போனதாகவே காட்டும். அதற்கடுத்த படியில்தான் டைம்அவுட் வரும். நீங்கள் குற்றமற்ற வரியில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நேரம் முக்கியமான வேலையில் இது இன்னும் கூர்மையாகும். சிக்னல் ஜெனரேட்டருக்கு 'அவுட்புட் ஆன்' அனுப்பிவிட்டு, கணினியிலேயே இருக்கும் டேட்டா அக்விசிஷன் கார்டை உடனே ஓட்டினால், கார்டு முந்திக்கொள்ளக்கூடும். எழுதியவுடன் ஸ்டார்-ஓபிசி-கேள்விக்குறி (*OPC?, 'வேலை முடிந்ததா?') கட்டளையை அனுப்பி, '1' என்று பதில் வரும் வரை காத்திருங்கள். பதில் கருவியிலிருந்து வரவேண்டியிருப்பதால் அது பொய் சொல்ல வழியில்லை. இந்தக் கட்டளை 1987-இல் வந்த 488.2 தரத்தில்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய கருவி என்றால், அது பதில் சொல்லக்கூடிய வேறு ஏதாவது ஒரு கேள்வியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எச்எஸ் 488 என்று இன்னொரு நிலை இருக்கிறதே, அதைப் போடலாமா?

சாதாரண மூன்று கம்பி ஹேண்ட்ஷேக் வினாடிக்குச் சுமார் 10 லட்சம் பைட்டில் மூச்சு வாங்கிவிடும். ஒவ்வொரு பைட்டுக்கும் ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் டாக்கர் தொடர்ந்து அனுப்ப அனுமதிக்கும் வேக நெறிமுறைதான் எச்எஸ் 488. 2003-இல் கம்பிகளையும் ஹேண்ட்ஷேக்கையும் வகுக்கும் 488.1 தரத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. சின்ன கேபிளில் இரண்டே கருவிகள் என்றால் 80 லட்சம் பைட் வரை போகும். 15 மீட்டர் கேபிளில் 15 கருவிகள் தொங்கினால் அது 15 லட்சத்துக்கு இறங்கிவிடும்.

எக்ஸ்டெண்டரில் அதைப் போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: உங்கள் கருவிக்கு எச்எஸ் 488 தெரியுமா? கணினியில் உள்ள கார்டுக்குத் தெரியும் என்பது பதில் ஆகாது. கையில் உள்ள பெரும்பாலான மல்டிமீட்டர்களுக்கும் பவர் சப்ளைகளுக்கும் தெரியாது. தெரியாத கருவியிடம் பேசும்போது டாக்கர் பழைய முறைக்கே இறங்கி வந்துவிடும் என்பதால் சேதம் இல்லை, லாபமும் இல்லை. தெரிந்த கருவி இருந்து, பெரிய டேட்டா இருந்தால் போடுங்கள். அப்போதும் பஸ்ஸில் உள்ள எல்லாக் கருவிகளும் ஆன் ஆகியிருக்கவேண்டும். கார்டின் அமைப்பில் கேபிள் நீளத்தையும் சொல்லவேண்டும். என்ஐ மென்பொருளில் அது 1 முதல் 15 மீட்டர் வரை ஓர் எண்; 0 என்றால் எச்எஸ் 488 அணைந்துவிடும். பலருடைய கணினியில் அது 0-விலேயே கிடக்கிறது, பெட்டியில் மட்டும் சுவிட்ச் 'வேகம்' என்ற பக்கம் சாய்ந்திருக்கிறது.

இரண்டு பெட்டியிலும் சுவிட்சுகள் ஒரே மாதிரி இருக்கவேண்டுமா?

ஆம். ஒன்றை மாற்றிவிட்டு இன்னொன்றுக்கு ஒரு கி.மீ. நடக்கச் சோம்பல் பட்டதால் வந்த கோளாறுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அணைத்துவிட்டு மாற்றுங்கள், மாற்றிய பிறகு ஆன் செய்யுங்கள். சுவிட்ச் நிலையைத் தொடக்கத்தில் மட்டும் படித்துக்கொள்ளும் பெட்டியாக இருந்தால், ஓடும்போது தட்டுவதால் எதுவும் நடக்காது. எந்த சுவிட்ச் எதற்கு என்பது மாடலுக்கு மாடல் மாறும். பெட்டியின் அடியில் அச்சிட்ட அட்டவணையைத்தான் நம்பவேண்டும். பக்கத்து ஆய்வகத்தில் 'மூன்றாவதை மேலே தள்ளு' என்று சொன்னதை அல்ல.

அப்படியே ஃபைபரையும் பார்த்துவிடுங்கள். ஒரு பெட்டியின் அனுப்பும் முனை மறுபெட்டியின் வாங்கும் முனைக்குப் போகவேண்டும். நேருக்கு நேர் மாட்டினால் இரண்டு பேரும் பேச, கேட்க ஆளில்லை.

பேரலல் போல் பகுதியில் உள்ள சுவிட்ச் எனக்குத் தேவையா?

உங்கள் புரோகிராம் பேரலல் போல் செய்யாவிட்டால் தேவையில்லை. பெரும்பாலான புரோகிராம்கள் செய்வதில்லை. செய்கிறவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

பேரலல் போல் என்பது பல கருவிகளின் நிலையை ஒரே நேரத்தில் கேட்பது. அதில் ஹேண்ட்ஷேக்கே கிடையாது. கன்ட்ரோலர் ஏடிஎன், ஈஓஐ இரண்டையும் சேர்த்து இழுக்கும். கருவிகள் 200 நானோ வினாடிக்குள் தத்தம் டேட்டா கம்பியில் கை தூக்கவேண்டும். கன்ட்ரோலர் ஏறத்தாழ 2 மைக்ரோ வினாடி பொறுத்துப் படித்துக்கொள்ளும். 1 கி.மீ. போய்வரவே 10 மைக்ரோ வினாடி என்று மேலே பார்த்தோம். மறுகரையில் கை தூக்கப்படும் முன்பே இங்கே கணக்கெடுப்பு முடிந்துவிடும். வேறு தாமதமே இல்லாவிட்டாலும், 2 மைக்ரோ வினாடிக்குள் போய்வரக்கூடிய தொலைவு 200 மீட்டர்தான்.

பெட்டிகள் இதற்கு இரண்டு வழி தருகின்றன. ஒன்று, பதிலைப் பிடித்து வைக்கும் முறை: இப்போது கேட்டதற்கு, சென்ற முறை மறுபக்கத்திலிருந்து வந்த பதிலைத் தரும். இதில் போலை இரண்டு முறை நடத்தி, முதலாவதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொள்ளவேண்டும். இன்னொன்று, பிடித்து வைக்காமல் அப்படியே கடத்தும் முறை. இதில் கன்ட்ரோலர்தான் கூடுதலாகப் பொறுக்கவேண்டும். என்ஐ மென்பொருளில் பேரலல் போல் காத்திருப்பு நேரத்தைக் கூட்டும் அமைப்பு உண்டு. உங்கள் கன்ட்ரோலரால் பொறுக்க முடியும் என்றால் இரண்டாவது வழி நேர்மையானது. பழைய புரோகிராமில் ஒரே போல்தான் இருக்கிறது, சுவிட்ச் முதல் முறையில் இருக்கிறது என்றால், நீங்கள் எப்போதும் நேற்றைய செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

'என்னைக் கவனி' என்று கருவி கூப்பிடும் எஸ்ஆர்க்யூ கம்பி இதில் சேராது. கருவி அதை இழுத்தால் பெட்டி தானாகவே மறுபக்கத்துக்குக் கடத்திவிடும்.

எக்ஸ்டெண்டருக்கு முகவரி வேண்டுமா? எத்தனை கருவிகள் சேர்க்கலாம்?

முகவரி வேண்டாம். நான் இங்கே பேசும் பெட்டிகள் பஸ்ஸில் கண்ணுக்குத் தெரியாதவை. ஆனால் மின்சுமை என்ற அளவில் ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 15-இல் ஒன்று போனால் பக்கத்துக்கு 14, இரு பக்கமும் சேர்த்துக் கணினியோடு 28. கேபிள் விதியும் பக்கத்துக்குப் பக்கம் தனித்தனி. முகவரி மட்டும் பொது: 0 முதல் 30 வரை 31 எண்கள், இரு கரைக்கும் சேர்த்து ஒரே பட்டியல். இங்கே ஒரு 22, அங்கே ஒரு 22 இருந்தால் இரண்டும் சேர்ந்து பதில் சொல்லும், ஒன்றுமே புரியாது. நிறைய மல்டிமீட்டர்கள் தொழிற்சாலையிலிருந்தே 22 என்ற முகவரியோடு வருவதால் இது கற்பனைக் கதை இல்லை.

கருவிகளைத் தேடச் சொன்னால் எல்லா முகவரியிலும் ஆள் இருப்பதாகக் காட்டுகிறது. பெட்டி பழுதா?

பழுது இல்லாமலும் இப்படி வரும். தேடும் மென்பொருள் ஒவ்வொரு முகவரியையும் கூப்பிட்டு, என்டிஏசி கம்பியை யாராவது பிடித்திருக்கிறார்களா என்று பார்க்கிறது. பஃபர் முறையில் மறுபக்கத்துக்காக வாங்கிவைக்கும் பொறுப்பு பெட்டியுடையது. அதுவே கம்பியைப் பிடித்தால் காலி முகவரியிலும் ஆள் இருப்பது போலத் தோன்றும். தேடலை நம்பாமல், உங்களுக்குத் தெரிந்த முகவரியில் அடையாளக் கேள்வியை அனுப்பிப் பாருங்கள். கருவி பெயர் சொன்னால் போதும். சந்தேகம் தீராவிட்டால் ஒருமுறை பஃபரை நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

எதை முதலில் ஆன் செய்வது?

இரண்டு எக்ஸ்டெண்டர்களும் ஆன் ஆகி, இணைப்பு விளக்கு எரிந்த பிறகு புரோகிராமை ஓட்டுங்கள். அவ்வளவுதான். கருவிகளைப் பொறுத்தவரை, பஸ்ஸில் தொங்குபவற்றில் மூன்றில் இரண்டு பங்காவது ஆன் ஆகியிருக்கவேண்டும் என்பது பழைய விதி. எக்ஸ்டெண்டர் வந்தபின் அதை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக எண்ணவேண்டும்.

இந்தக் காலத்தில் எக்ஸ்டெண்டர் வாங்கலாமா, ஈதர்நெட் மாற்றியே போதுமா?

புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் ஈதர்நெட் பக்கம் போங்கள். லேன் வழியே பேசும் கருவிகளுக்கான எல்எக்ஸ்ஐ தரம் வந்து இருபது வருடமாகிறது. ஜிபிஐபி மட்டுமே உள்ள பழைய கருவிக்கு ஈதர்நெட்-ஜிபிஐபி மாற்றிகள் கிடைக்கின்றன. ஆனால் அந்த மாற்றி கண்ணுக்குத் தெரியாத பெட்டி அல்ல. கருவிப் பக்கத்தில் தானே கன்ட்ரோலராக உட்கார்ந்துகொள்ளும். புரோகிராமில் முகவரி எழுதும் விதம் மாறும். பழைய இயங்குதளத்தில் பழைய கார்டை நேரடியாகக் கூப்பிடும் புரோகிராமுக்கு அது தெரியவே தெரியாது. சின்னச் சின்னக் கேள்வி-பதில் ஆயிரக்கணக்கில் ஓடும் சோதனையில், ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க் தாமதம் சேர்ந்து மொத்த நேரம் நீளும்.

எழுதியவர் இல்லாத, மூலநிரல் இல்லாத, ஆனால் நாளைக்கும் ஓடவேண்டிய புரோகிராமுக்குத்தான் எக்ஸ்டெண்டர் இன்னும் பொருத்தம். பழைய சாமான் சந்தையில் வாங்கினால் ஜோடியாக, ஒரே மாடலாக வாங்குங்கள். வந்ததும் முதல் வேலை, பஃபர் இல்லாத முறையில் வைத்து உங்கள் சோதனையை முழுதாக ஒருமுறை ஓட்டி, முடிவைச் சேமிப்பது. பிறகு பஃபருக்கு மாற்றி அதே சோதனையை ஓட்டுங்கள். இரண்டு கோப்புகளிலும் பைட் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் பஃபரை வைத்துக்கொள்ளலாம். ஒரு பைட் குறைந்தாலும் சுவிட்சைப் பழையபடி தள்ளிவிட்டு, பெட்டியின் மேல் ஒரு காகிதம் ஒட்டி 'தொடாதே' என்று எழுதிவிடுங்கள். எங்கள் பெட்டிகள் இரண்டிலும் அது ஒட்டியிருக்கிறது.